டீச்சர் பதில்கள்: காக்கையையும் எழுதுங்கள்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீரமைத்த ஏரிக்கரைகளிலும் நாட்டு மரங்கள் நட்ட இடங்களிலும் நாங்கள் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பு பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்கப் பறவைதான். ரோஜாத் தொட்டி, பூரான், கரையான் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காக்கா, புறா, மைனா, கிளி, இவ்வளவுதான் தெரியும். நான் வந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமோ, டீச்சர்?
(ஐ.டி. ஊழியர், வேளச்சேரி)

தாராளமாக வாருங்கள். நாலு பறவை தெரியும் என்றால் அந்த நாலையும் எண்ண ஓர் ஆள் கிடைத்தாயிற்று. எங்களுக்கு எப்போதுமே தட்டுப்பாடு எழுதுகிற ஆளுக்குத்தான். பைனாகுலரில் கண்ணை வைத்திருப்பவர், “மடையான் ரெண்டு, சின்னக் கொக்கு நாலு, இரு இரு, அந்தப் பக்கம் இன்னும் ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் கண்ணை எடுத்துப் பேனாவைத் தேடினால் கணக்கு போச்சு. பக்கத்தில் நின்று பெயருக்கு நேராகக் கோடு போடத் தெரிந்தால் போதும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் வந்தோம், வெயிலா மேகமா, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, இதெல்லாமும் எழுதுபவர் பொறுப்பு. இவை இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு பிற்பாடு ஒன்றுமே செய்ய முடியாது.

எழுதிக்கொண்டே இருப்பவருக்குக் காது வழியாகவே பறவை பழகிவிடும். வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். பகலில் ‘டொக், டொக், டொக்’ என்று நிறுத்தாமல் ஒரு சத்தம் வருமே, அது செம்மார்புக் குக்குறுவான். தொண்டைக்குள்ளிருந்து ‘ஊப், ஊப்’ என்று வருவது செண்பகம். மழைக்காலத்தில் சாக்கடையோரப் புதரிலிருந்து விடிய விடியக் கத்தித் தூக்கத்தைக் கெடுப்பது கம்புள் கோழி. பார்த்த பறவையின் பெயர் தெரியவில்லையா? ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர்தான் பட்டியலைக் கெடுக்கும்.

என்ன நிறத்தில் சட்டை போட வேண்டும்? எந்த பைனாகுலர் வாங்கலாம்?
(மாம்பலம் வாசகர்)

பளிச்சென்ற வெள்ளை மட்டும் வேண்டாம். மற்றபடி பீரோவில் இருக்கும் பழசு எதுவும் சரி. காலுக்கு ஷூ, கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். பைனாகுலர் 8க்கு 42 (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) என்று கேட்டு வாங்குங்கள். 10 மடங்கு வாங்கினால் பறவையோடு சேர்ந்து உங்கள் கை நடுக்கமும் 10 மடங்காகும். முதல் சில மாதம் எங்களிடம் இருப்பதையே வாங்கிப் பாருங்கள், அப்புறம் காசு செலவழிக்கலாம்.

அரிய பறவை வந்தால் எழுதுவது சரி. காக்கா, புறாவையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நிற்பது வெட்டிவேலை இல்லையா?
(ஓய்வுபெற்ற அதிகாரி, அண்ணா நகர்)

இல்லை சார். ஊரெல்லாம் இருக்கிற பறவையை யாரும் எழுதி வைக்காவிட்டால், அது குறையும்போது யாருக்கும் தெரியாது. வெண்முதுகுப் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு 1980களில் வட இந்தியாவில் கூட்டம் கூட்டமாக இருந்தது. அதைப் போய் யார் எண்ணுவார்கள்? ராஜஸ்தானில் பரத்பூரில் சிலர் எண்ணி வைத்திருந்தார்கள். அந்தப் பழைய எண்கள் இருந்ததால்தான் 1990களில் அது சரிகிறது என்று அடித்துச் சொல்ல முடிந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்துதான் காரணம் என்பது 2004இல் வெளிவந்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்து கூடாது என்று 2006இல் இந்தியா தடை போட்டது. அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டது.

நம் ஊர்ச் சிட்டுக்குருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘செல்போன் டவர் வந்ததும் குருவி போச்சு’ என்று ஆளாளுக்குச் சொல்கிறோம். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் வந்த அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, ஆனால் சென்னை உள்பட ஆறு பெருநகரங்களில் மெல்லக் குறைகிறது என்கிறது. இவ்வளவு நுணுக்கமாக அதனால் எப்படிச் சொல்ல முடிந்தது? 15,000க்கும் மேற்பட்ட ஆட்கள் தங்கள் தெருவில் பார்த்த சாதாரணப் பறவைகளை இபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் பதிந்து வைத்ததால்தான். நீங்கள் அண்ணா நகர் டவர் பூங்காவில் காலையில் நடக்கும்போது கால் மணி நேரம் நின்று காக்காவை எண்ணினால் அதுவும் இதில் சேரும். பார்த்த பறவை அத்தனையும் எழுத வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிடித்ததை மட்டும் எழுதினால், எழுதாத பறவை அங்கே இல்லையா, உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று படிக்கிறவருக்குத் தெரியாது.

எங்கள் பகுதி ஏரியைச் சில வருஷங்களுக்கு முன் தூர்வாரி, கரையில் நாட்டு மரங்கள் நட்டார்கள். முதல் கணக்கெடுப்பில் நாற்பது வகைப் பறவை. போன முறை அறுபதைத் தாண்டிவிட்டது! ‘சீரமைப்பு வெற்றி’ என்று போர்டு வைக்கலாம் என்கிறார்கள் நலச்சங்கத்தில். பட்டியல்களை இணைத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(தாம்பரம் பக்கத்து வாசகர்)

போர்டைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பட்டியல்களின் தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது. முதல் கணக்கு மே மாதம், மூன்று பேர், ஒரு மணி நேரம். போன முறை ஜனவரி, பள்ளிப் பிள்ளைகளோடு சேர்த்து ஒரு கூட்டமே போயிருக்கிறது, அதுவும் காலை முழுக்க. சென்னையில் மே மாதத்து ஏரியும் ஜனவரி ஏரியும் ஒன்றா? செப்டம்பரிலிருந்தே வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் வந்து இறங்கும். ஏப்ரலுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். நீங்கள் ஒரு செடிகூட நடாமல் இருந்திருந்தாலும் ஜனவரிப் பட்டியல் மே மாதப் பட்டியலைவிட நீளமாகத்தான் இருந்திருக்கும். கண்கள் கூடினாலும் பட்டியல் நீளும், நேரம் கூடினாலும் நீளும்.

அதனால் ஜனவரியை ஜனவரியோடு வையுங்கள். கரையில் ஐந்தாறு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: மதகு, கலங்கல், அரசமரத்தடி, இப்படிப் பிற்பாடு வருகிறவனும் கண்டுபிடிக்கிற இடமாக. ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம் நின்று எண்ணுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். எண்ணுகிறவர் இரண்டு பேர். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம், கற்றுக்கொள்ளலாம். முடிந்தால் அதே வாரத்தில் பக்கத்தில் தூர்வாராத ஏரி ஒன்றையும் எண்ணுங்கள். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் எல்லா ஏரியிலும்தான் பறவை கூடும். உங்கள் ஏரியில் கூடியது மழையாலா, வேலையாலா என்பது பக்கத்து ஏரியைப் பார்த்தால்தான் தெரியும்.

இதெல்லாம் கணக்கு விஷயம். எனக்கு உறுத்தியது வேறு. இரண்டு பட்டியலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகப் பார்த்தேன். புதிதாக வந்திருப்பவை சிறு நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், கூழைக்கடா. நல்ல விருந்தாளிகள்தான். ஆனால் மே மாதம், அந்த வெயிலில், மூன்றே பேர் பார்த்த பட்டியலில் நெடுங்கால் உள்ளான் இருக்கிறது, பட்டாணி உப்புக்கொத்தி இருக்கிறது, தாமரைக்கோழி இருக்கிறது. ஜனவரிப் பட்டியலில் மூன்றுமே இல்லை. வலசைக் காலத்தில், அத்தனை கண்கள் பார்த்தும் ஒரு பொரி உள்ளான்கூட இல்லை. அது எப்படி?

பழைய நம் ஏரிகள் தாம்பாளம் போன்றவை. கரையோரம் ஆழமே இருக்காது. கணுக்கால் அளவு தண்ணீர், சேறு, கோரை என்று மெல்ல மெல்லத்தான் ஆழம் கூடும். பொக்லைன் இறங்கித் தூர்வாரியதும் அது குண்டான் ஆகிவிடுகிறது. கரையை விட்டுக் கால் வைத்தால் ஆள் மட்டம். எடுத்த மண்ணை நடுவில் குவித்து ஒரு திட்டு, சுற்றிலும் கருங்கல் பதித்த சரிவு, மேலே நடைபாதை. மூழ்கி மீன் பிடிக்கிற நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் கொண்டாட்டம். நெடுங்கால் உள்ளான் என்ன செய்யும்? அந்த இளஞ்சிவப்புக் கால் எவ்வளவுதான் நீளம் என்றாலும் நின்றுகொண்டுதான் இரை தேட வேண்டும். உப்புக்கொத்திக்கு ஈரச் சேறு வேண்டும். தாமரைக்கோழிக்கு மிதக்கும் இலை வேண்டும். கூட்டல் கழித்தலில் வகைகள் கூடியிருக்கலாம். ஏரி ஒரு பக்கத்தை இழந்துவிட்டது என்பது பெயர்களைப் பார்த்தால்தான் தெரியும்.

நலச்சங்கத்திடம் இதைச் சண்டையாக இல்லாமல் சொல்லுங்கள். அடுத்த முறை வேலை நடக்கும்போது ஒரு பக்கக் கரையை, பெரும்பாலும் தண்ணீர் வந்து சேரும் பக்கத்தை, சரிவாகவே விடச் சொல்லுங்கள். அங்கே கல் பதிக்க வேண்டாம், நடைபாதை வேண்டாம், விளக்கு வேண்டாம். கோரையும் சம்பும் கொஞ்சம் நிற்கட்டும். நீலத் தாழைக்கோழி கூடு கட்டுவது அதற்குள்தான். ‘அசிங்கமாக இருக்கிறதே’ என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். சொல்லட்டும்.

மரங்களுக்கு வருகிறேன். நாவல், புங்கம், புன்னை, மருதம் என்று நட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல தேர்வு. ஆனால் உங்கள் தாளில் ‘மரத்தில் பார்த்தது’ என்று மட்டும் ஒரு பத்தி இருக்கிறது. அதை மூன்றாகப் பிரியுங்கள்: சும்மா உட்கார்ந்தது, தின்றது, கூடு கட்டியது. மாங்குயில் ஒன்று வந்து உட்கார்ந்து போவதற்கு மின்கம்பம்கூடப் போதும். ஒரு தையல்சிட்டு அங்கேயே இலையைத் தைத்துக் குஞ்சு பொரித்தால் அந்த மரத்தில் புழு இருக்கிறது, மறைவு இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்த ஒரு வரி இருபது வகை கூடியதைவிடப் பெரிது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெற்றிடம் என்று பார்த்த இடத்தையெல்லாம் மியாவாக்கி முறையில் கன்றுகளை நெருக்கி நட்டு நிரப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. குப்பை மேட்டிலும் கான்கிரீட் ஓரத்திலும் செய்தால் எனக்குச் சந்தோஷம். ஏரிக்கரைப் புல்வெளியில் செய்யாதீர்கள். ஆள்காட்டி வெறும் தரையில்தான் முட்டையிடும். வானம்பாடிக்கும் நெட்டைக்காலிக்கும் புல்தான் வீடு. சென்னைக் கடலோரத்து இயற்கையான காடு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கிண்டி தேசியப் பூங்காவோ நன்மங்கலமோ போய்ப் பாருங்கள். வானளாவிய மரம் எதுவும் இல்லை. காட்டு எலுமிச்சை, விராலி, இலந்தை, வெப்பாலை என்று குட்டையும் முள்ளுமாகப் புதர், நடுநடுவே வெட்டவெளி. அந்த வெட்டவெளியும் காட்டில் சேர்த்திதான்.

அடையாறு பூங்காவில் நாங்களே போய் எண்ணலாமா? அங்கே முன்னே என்ன இருந்தது என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
(மந்தைவெளி வாசகி)

நினைத்த நேரத்தில் போக முடியாது. அனுமதி முறையைச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பூங்கா 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது, 58 ஏக்கர். அதற்கு முன் அடையாற்றுக் கழிமுகத்தின் அந்தக் கிளையில் கட்டட இடிபாடும் குப்பையும் சாக்கடையும்தான். அவற்றை அள்ளி எடுத்து, தண்ணீர் நிற்கவும் போகவும் வழி செய்து, அலையாத்திச் செடிகளும் நாட்டு மரங்களும் வைத்தார்கள்.

அங்கே எண்ணும்போது ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள்: கடல் ஏற்றமா, வற்றமா. கழிமுகத்தில் வற்றத்தின்போது சேறு வெளியே தெரியும், உள்ளான்கள் வந்து இறங்கும். அதே இடம் ஏற்றத்தில் வெறும் தண்ணீர். காலை ஏழு மணிக்கு எண்ணினேன் என்பது மட்டும் போதாது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்ளும் காலங்களும் உண்டு. அப்போது ஏற்ற வற்றமே சரியாக உள்ளே வராது. உடைந்த பாலத்துப் பக்கம் போனால் அடைத்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பெரும்பாக்கம் ஏரியில் பறவை ஆயிரக்கணக்கில் நிற்கிறதே, அதை எப்படி எண்ணுவது? நாங்கள் ‘ஏராளம்’ என்று எழுதிவிட்டோம்.
(கல்லூரி மாணவர்கள், மேடவாக்கம்)

‘ஏராளம்’ என்பதைக் கூட்டிப் பெருக்கவா முடியும்? எண் வேண்டும், தோராயமாக இருந்தாலும் சரி.

முதலில் கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையை ஒன்று ஒன்றாக எண்ணுங்கள். பத்து நாமக்கோழி தண்ணீரில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதிய வையுங்கள். அந்த அளவை அப்படியே நகர்த்திக்கொண்டு போனால் பத்து, இருபது, முப்பது. பெரிய கூட்டமென்றால் இதேபோல ஐம்பதாகவோ நூறாகவோ அளவெடுங்கள். இடமிருந்து வலம் ஒருவர், வலமிருந்து இடம் ஒருவர், தனித்தனியாக. எண்ணி முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. பேசினால் இரண்டாமவருக்கும் முதலாமவரின் எண்தான் வரும். இரண்டும் ரொம்ப விலகினால் மறுபடி எண்ணுங்கள். கூட்டம் ஓரத்தில் நெருக்கமில்லாமலும் நடுவில் அடர்த்தியாகவும் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஓரத்து அளவை நடுவில் போட்டால் எண் குறைந்துவிடும்.

முக்குளிப்பான்தான் படுத்தும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ‘டபக்’கென்று உள்ளே போய்விடும், வேறு எங்கேயோ எழும். ஒரே இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். கால் நிமிஷத்துக்குள் பெரும்பாலும் மேலே வந்துவிடும். ஒரே சமயத்தில் மேலே தெரிந்த அதிகபட்ச எண்ணை எழுதுங்கள், கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பறந்து போகும் கூட்டம் என்றால் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு என்றும் குறியுங்கள். பெரும்பாக்கத்திலிருந்து எழும்பிய கூழைக்கடா பள்ளிக்கரணையில் போய் இறங்கி, அங்கே நிற்கும் உங்கள் நண்பர் கணக்கிலும் ஏறிவிடும்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பொங்கலையொட்டிப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு என்று வரிசையாக வருகின்றன. கை பழக நல்ல சந்தர்ப்பம்.

மெர்லின் செயலி குரலை வைத்தே பெயர் சொல்லிவிடுகிறதே. அதை அப்படியே எழுதலாமா?
(போரூர் வாசகர்)

கூடாது. அது ஒரு யோசனை சொல்கிறது, அவ்வளவுதான். பெயர் வந்த திசையில் திரும்பிப் பாருங்கள், பார்த்தோ கேட்டோ நீங்களே உறுதி செய்தால் எழுதுங்கள். கரிச்சான் மற்ற பறவைகளைப் போலப் பாசாங்கு செய்து கத்தும். அது வல்லூறு மாதிரிக் கத்தினால் செயலி பாவம், வல்லூறு என்றுதான் சொல்லும்.

கணக்கெடுப்புக்கு வந்த ஒருவர் ஆந்தைக் கூட்டைப் படமெடுத்து, இடத்தோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாளே பெரிய லென்ஸோடு கூட்டம். என்ன செய்வது?
(மேற்குத் தாம்பரம் வாசகி)

முதலில் அந்தப் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவரை அடுத்த தடவை அழைக்காதீர்கள். எங்கள் குழுவில் விதி இதுதான்: கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதில்லை, படமெடுப்பதில்லை, போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதில்லை. இங்கே பாறைக் குழிகளில் இருக்கும் கொம்பன் ஆந்தை தரையோரப் பாறை விளிம்பிலேயே முட்டையிடுகிற பறவை. ஆள் கூட்டத்தைக் கண்டு அது எழுந்து போனால் முட்டை வெயிலில் கிடக்கும், காக்கை வந்துவிடும். படம் வேண்டுமென்றால் பள்ளிக்கரணைச் சாலையோரம் நின்று பூநாரையை எடுக்கட்டும், யாரும் கேட்கப் போவதில்லை.

சீமைக் கருவேலத்தை ஒரேயடியாக வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்கிறேன். குழுவில் சிலர் தடுக்கிறார்கள்.
(திருவள்ளூர் வாசகர்)

நானும் கொஞ்சம் தடுக்கிறேன். அந்த மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நாட்டுச் செடி எதையும் அடியில் முளைக்கவிடாது, ஓடைகளை அடைத்துவிடும். போக வேண்டியதுதான். ஆனால் பல ஏரிகளில் இன்று வக்காவும் கொக்கும் கூடு கட்ட வேறு மரமே இல்லாமல் அதில்தான் கட்டுகின்றன. சந்தேகமிருந்தால் மரத்தடியைப் பாருங்கள், வெள்ளையாக எச்சம் படிந்திருக்கும். மழைக்குப் பிறகு கூடு கட்டும் மாதங்களில் தொடாதீர்கள். முதலில் கரையோரத்தில் கருவேலமும் நீர்க்கடம்பும் வைத்து ஆளுயரம் வளரவிடுங்கள். பிறகு கோடையில், கூடு இல்லை என்று பார்த்துக்கொண்டு, பகுதி பகுதியாக எடுங்கள். எடுப்பதற்கு முந்தைய வருஷமே ஒரு கணக்கெடுப்பு செய்துவிடுங்கள். ‘முன்பு என்ன இருந்தது’ என்ற தாள் இல்லாமல் தொடங்கிய வேலைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் மட்டும் போகலாமா? காலை ஆறு மணிக்கு ஏரிக்கரை என்றால் வீட்டில் யோசிக்கிறார்கள். கழிவறை?
(பெயர் வேண்டாம், பெருங்குடி)

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள். ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பங்களிடமும் காவலாளியிடமும் முதல் நாளே பேசி, என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர்களே ‘நேத்து இங்க செந்நாரை வந்துச்சும்மா’ என்பார்கள். கழிவறை பெரும்பாலான இடங்களில் கிடையாது. நாங்கள் இடத்தை முடிவு செய்யும்போதே பக்கத்தில் பெட்ரோல் பங்க், ஓட்டல் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் நேரம் குறிக்கிறோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுப்பதில்லை.

என் பையனுக்கு ஒன்பது வயது. கூட்டி வரலாமா?
(கொளத்தூர் வாசகி)

கூட்டி வாருங்கள். அவனிடம் ‘அமைதியாக இரு’ என்று சொல்லாமல் ஒரு பறவையை ஒப்படையுங்கள்: “இன்றைக்கு மீன்கொத்தி உன் பொறுப்பு.” வெண்மார்பு, சிறுநீலம், கருப்பு வெள்ளை மூன்றையும் அவன் கண்டுபிடித்துவிட்டுத்தான் இட்லி கேட்பான். இட்லியை மறக்காதீர்கள்.

அக்டோபர் மாதம் எங்கள் அடுக்குமாடிப் பால்கனியில் பச்சை முதுகும் வயிற்றின் அடியில் சிவப்புமாக, வால் குட்டையான ஒரு பறவை விழுந்து கிடந்தது. கண்ணில் கருப்புப் பட்டை. வாயில் தண்ணீர் விட்டோம், பிழைக்கவில்லை. அது என்ன?
(திருவான்மியூர் வாசகர்)

ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது. இரவில் பறக்கும் பறவை. செப்டம்பர் கடைசியிலிருந்து சென்னையில் கண்ணாடிச் சுவரிலும் விளக்கு வெளிச்சத்திலும் மோதி விழுவது நடக்கிறது. களைத்துப் போயும் இறங்கும்.

அடுத்த முறை வாயில் தண்ணீர் விடாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பூனையும் குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம். மோதிய அதிர்ச்சிதான் என்றால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். மரமும் சருகும் உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இறந்ததையும் தேதி, இடத்தோடு எழுதி வையுங்கள். கணக்கில் அதுவும் உண்டு. அப்புறம், உங்கள் குடியிருப்பில் தோட்டக்காரர் தினமும் சருகைக் கூட்டி எரிக்கிறாரா? ஆறுமணிக்குருவி சருகைக் கிளறித்தான் பூச்சி பிடிக்கும். ஒரு மூலையிலாவது சருகை அப்படியே விடச் சொல்லுங்கள். நாட்டு மரம் நட்ட பல இடங்களில் பணம் செலவழித்து மரம் வைத்துவிட்டுப் பூங்கா மாதிரிச் சுத்தமாகப் பெருக்கி வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். பறவைக்கு அங்கே சாப்பாடு இல்லை.

பறவை வருவதற்காக வீட்டில் மரம் வைக்க ஆசை. அரை கிரவுண்டில் எது வைக்கலாம்?
(ஆதம்பாக்கம் வாசகி)

ஆல், அரசு வேண்டாம், சுவர் போய்விடும். கறிவேப்பிலையை வெட்டிக்கொண்டே இருக்காமல் ஒரு செடியையாவது மரமாக விடுங்கள். கருப்பாகப் பழுக்கும்போது குயிலும் சின்னானும் சண்டை போடும். நுணாவும் வைக்கலாம், பெரிதாக இடம் கேட்காது. வேலியோரம் விராலி. தேன்சிட்டுக்குச் செம்பருத்தியும் முருங்கைப் பூவும் போதும். தேன்பழ மரம், அதாவது சிங்கப்பூர் செர்ரி, நாட்டு மரம் இல்லை என்று எங்கள் குழுவில் முகம் சுளிப்பார்கள். ஏற்கெனவே நிற்கிறதென்றால் நிற்கட்டும், பூங்கொத்திக்கு அது விருந்து. புதிதாக வைப்பதாக இருந்தால் கறிவேப்பிலை.

வர்தா புயலில் 2016 டிசம்பரில் உங்கள் பக்கமும் மரங்கள் சாய்ந்திருக்குமே. அதிலிருந்து, காய்ந்த கிளை தெரிந்தாலே ஆளைக் கூப்பிட்டு வெட்டிவிடுகிறார்கள். தெருவில் போகிறவர் தலைக்கு மேல் இருந்தால் வெட்டத்தான் வேண்டும். கொல்லைப் பக்கம் முருங்கையில் பட்டுப்போன கிளை என்றால் விட்டுவையுங்கள். குக்குறுவான் பொந்து குடைவது அந்த மாதிரி மெத்தென்ற காய்ந்த கட்டையில்தான். ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய வட்டமான ஓட்டை, கிளையின் அடிப்பக்கமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு அரிவாளை எடுங்கள்.